முகம் தெரியாத நட்சத்திரங்கள் – 9: நீலப் பூனையின் மூன்றாவது குரல்

போன வாரம் 1973-இல் நிறுத்தியிருந்தோம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஜப்பானின் குரல் நடிகர்கள் 24 மணி நேரம் மைக் முன்னால் நிற்க மறுத்தார்கள். அந்த ஒரு நாள் வேலைநிறுத்தம் அவர்களுடைய சம்பளத்தை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தியது. அதுவரை நாடகக்காரர்களின் உபதொழிலாக இருந்த வேலை, தனித் தொழிலாக நிமிர்ந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் நிப்பான் டெலிவிஷனில் ஒரு கார்ட்டூன் தொடங்கி, செப்டம்பரில் முடிந்துபோனது. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த நீலப் பூனை ரோபோ ஒன்று, படிப்பிலும் விளையாட்டிலும் மண்ணைக் கவ்வும் ஒரு பையனுக்குத் துணையிருக்கும் கதை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அறிமுகமே தேவைப்படாத டோரேமான்தான் அது.

ஆறு மாதத்தில் அந்தப் பூனைக்கு இரண்டு குரல்கள். முதலில் டொமிடா கோசெய், கனமான ஆண் குரல். பாதி வழியில் அவரை மாற்றிவிட்டு நொசாவா மசாகோ. பின்னாளில் டிராகன் பாலின் கோகுவாக உலகமே கேட்ட குரல் அவருடையது. இருவரும் சாமானியர்கள் அல்லர். ஆனாலும் படம் எடுபடவில்லை. கடைசியில் தயாரித்த நிறுவனமே கலைந்துபோனது.

தோற்றுப்போன கார்ட்டூனுக்கு ஜப்பானில் மறுபிறவி கிடைப்பது அபூர்வம். டோரேமானுக்குக் கிடைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. வந்த குரல் 26 ஆண்டுகள் போகவே இல்லை.

அந்தக் குரலுக்கு உரியவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் அவர் பேசுவதையே நிறுத்தினார்.

*

கட்டைக் குரல்

ஓயாமா நொபுயோ 1933 அக்டோபர் 16-ஆம் தேதி டோக்கியோவில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கரகரத்த, கட்டையான குரல். வீட்டில் அது யாருக்கும் பொருட்டாக இல்லை. நடுநிலைப் பள்ளியில் புதிய வகுப்பில் வாயைத் திறந்ததும் பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளையின் வாயிலிருந்து அப்படியொரு குரலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சிறுமி வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் தலையசைப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மகள் ஊமையாகி வருவதைத் தாய் கவனித்தார். விசாரித்தார். அப்போது அவர் சொன்னதை ஓயாமா நெடுங்காலம் மறக்கவில்லை. பலவீனமான இடத்தைப் பொத்திப் பொத்தி வைத்தால் அது மேலும் பலவீனமாகும், குரல் சரியில்லை என்று பேசாமலே இருந்தால் நாளைக்குக் குரலே வராது, ஆகவே அந்தக் குரலை வைத்துத்தான் நீ நிறையப் பேச வேண்டும் என்பது அதன் சாரம்.

குரலை மாற்றிக்கொள் என்று அந்தத் தாய் சொல்லவில்லை. இனிமையாகப் பேசிப் பழகு என்றும் சொல்லவில்லை. இருக்கிற குரலோடு கூட்டத்தின் நடுவே போய் நில் என்றார். மகள் போய்ப் பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தாள். எந்தக் குரலைக் கேட்டு வகுப்பு சிரித்ததோ, அதே குரலைப் பள்ளி முழுக்க ஒலிபெருக்கியில் கேட்க வைத்தாள்.

மகள் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் தாய் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தக் குரல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்க அவர் இல்லை.

பள்ளி முடிந்ததும் ஓயாமா, ஹாயூசா என்ற புகழ்பெற்ற நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் ஜப்பானியத் திரையில் பெயர் வாங்கிய டனாகா குனியே அங்கே அவருடைய வகுப்புத் தோழர். எல்லோருக்கும் மேடைக் கனவு. கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பது என்று ஒரு பிழைப்பு இருக்கும் என அந்த வகுப்பில் ஒருவர்கூட நினைத்திருக்க வழியில்லை. ஜப்பானில் தொலைக்காட்சியே 1953-இல்தான் தொடங்கியிருந்தது.

*

படக் கம்பெனிகளின் பிடிவாதம்

அந்தப் பிழைப்பு எப்படி உண்டாயிற்று என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் விரிவாகச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு பத்தி.

1950-களில் ஜப்பானியச் சினிமா உச்சத்தில் இருந்தது. 1958-இல் மட்டும் தியேட்டருக்குப் போனவர்களின் கணக்கு 112 கோடிக்கும் மேல். அந்த மமதையில் பெரிய படக் கம்பெனிகள் தொலைக்காட்சியைப் பங்காளியாகப் பார்த்தன. 1956-இல் தங்கள் படங்களைத் தொலைக்காட்சிக்குத் தருவதை நிறுத்தின. ஒப்பந்தத்தில் இருக்கும் நடிகர்களையும் லேசில் விடவில்லை.

நிலையங்கள் பட்டினி கிடக்குமா? அமெரிக்கத் தொடர்களை வாங்கிக் கொட்டின. கௌபாய்களும் போலீஸ்காரர்களும் நாய்களும் ஜப்பானிய மொழியில் பேச வேண்டியிருந்தது. சினிமா நட்சத்திரங்கள் வரமாட்டார்கள். மேடையிலும் வானொலியிலும் அரைவயிற்றோடு இருந்தவர்கள் வந்தார்கள். படக் கம்பெனிகளின் பிடிவாதம்தான், அவர்கள் அறியாமலே, ஜப்பானியக் குரல் நடிப்புக்குத் தொட்டில் கட்டியது.

ஓயாமாவும் அப்படி வந்தவர். 1957-இல் ‘லாஸி’ என்ற நாய்த் தொடரின் ஜப்பானிய டப்பிங்கில் முதன்முதலாகக் குரல் கொடுத்தார்.

அன்றைய டப்பிங் பல சமயம் நேரடி ஒளிபரப்பு. திரையில் படம் ஓடும், நடிகர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், பேசுவது அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். ஒருவர் தும்மினால் அமெரிக்க ஷெரீஃப் தும்மியதாகிவிடும். இந்த வேலைக்குக் குழந்தைகளை எப்படி நிறுத்துவது? வேகமாக வாசிக்க வராது. பழகி வரும் நேரத்தில் பையனுக்குக் குரல் உடைந்துவிடும்.

எனவே பையன்களின் குரலைப் பெண்களிடம் கொடுத்தார்கள். அந்தக் கட்டாயத்தில் பிறந்த வழக்கம் இன்றுவரை ஜப்பானியக் கார்ட்டூனின் முதுகெலும்பாக இருக்கிறது. வகுப்பு சிரித்த கட்டைக் குரலுக்குச் சந்தையும் அங்கேதான் திறந்தது.

*

மூன்று பன்றிக்குட்டிகள்

1960-இல் என்.ஹெச்.கே. நிலையத்தின் குழந்தைகள் நிகழ்ச்சியில் ‘பூ ஃபூ வூ’ என்ற பொம்மை நாடகம் தொடங்கியது. மூன்று பன்றிக்குட்டிச் சகோதரர்களின் கதை. மூத்தவன் பூவுக்கு ஓயாமா நொபுயோ. நடுவுள்ளவன் ஃபூவுக்கு மிவா கட்சுயே. கடைக்குட்டி வூவுக்கு யார் தெரியுமா? குரோயானகி டெட்சுகோ.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ‘டோட்டோ-சான்’ என்ற புத்தகத்தை எழுதியவர். ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டு, ரயில் பெட்டிகளில் நடந்த இன்னொரு பள்ளியில் மலர்ந்த சிறுமி. அவரும் வானொலிக்கு வந்த புதிதில் பேச்சு விசித்திரமாக இருக்கிறது என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவரிடம் பேச்சைத் திருத்தவே கூடாது, அப்படியே இரு என்று சொன்னவர் நாடகாசிரியர் ஈஸாவா தடாசு. ‘பூ ஃபூ வூ’வை எழுதியவரும் அதே ஈஸாவாதான்.

ஆக, குரல் சரியில்லை என்று சொல்லப்பட்ட இரண்டு பெண்கள் ஒரே பன்றிக் குடும்பத்தில். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வானொலியின் செம்மையான உச்சரிப்புக்கு ஒவ்வாத குரல்களுக்கென்றே குழந்தைகள் தொலைக்காட்சியில் இடம் பிறந்துகொண்டிருந்தது. அழகான குரலைக் குழந்தைகள் மறந்துவிடுவார்கள். வினோதமான குரலைப் பிடித்துக்கொள்வார்கள்.

1964-இல் ஓயாமாவுக்குத் திருமணம். கணவர் சகாவா கெய்ஸுகே, என்.ஹெச்.கே.யில் குழந்தைகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்த அண்ணனாக நாடு முழுக்கத் தெரிந்த முகம். மனைவியைத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, கணவரோடு நடந்தால் பிள்ளைகள் கூட்டம் கூடும்.

இந்தத் தம்பதியின் குழந்தைகள் தங்கவில்லை. பின்னாளில் அவரைப் பற்றி எழுதிய பலர் அந்தத் துயரத்தையும் டோரேமானையும் முடிச்சுப் போட்டு, தாய்மைதான் அந்தக் குரலானது என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய தொழில் திறமையைக் கண்ணீரில் கரைத்துவிடும் விளக்கம் அது. அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தாலே போதும். அதற்குத்தான் வருகிறோம்.

*

சண்டைக்காரப் பையன்கள்

1966-இல் ‘ஹாரிஸு நோ கஸே’ என்ற கார்ட்டூனில் இஷிடா குனிமட்சு. பள்ளிக்கூடத்தில் ஒருவனையும் விடாமல் வம்புக்கு இழுக்கும் வீரன். 1969 அக்டோபரில் ‘ஸஸாயே-சான்’ தொடங்கியபோது வீட்டின் குறும்புக்காரப் பையன் கட்சுவோ. 1972-இல் ‘ஹஸேடோன்’ என்ற மீன்குட்டி. 1977-இல் ‘ஸாம்போட் 3’ என்ற ராட்சத ரோபோ கதையில் ஜின் கப்பெய். குழந்தைகள் படமென்று உட்கார்ந்தவர்களை நிலைகுலைய வைத்த இருண்ட கதை அது. எதிரிகள் மனிதர்களையே வெடிகுண்டாக்கி அனுப்புவார்கள். கப்பெய் கத்துவான், அழுவான், கடைசியில் ஏறத்தாழ எல்லோரையும் இழப்பான்.

வரிசையைப் பார்த்தாலே புரியும். சண்டைக்காரன், குறும்பன், முரடன். ‘போடா வாடா’ என்று பேசும் பையன்கள். ஓயாமாவின் தொண்டைக்குத் தொழில் உலகம் ஒதுக்கி வைத்திருந்த இடம் அதுதான்.

இதில் கட்சுவோவின் கதையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘ஸஸாயே-சான்’ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற தொடர். அதில் ஒரு பாத்திரம் கிடைத்தால் ஆயுளுக்கும் வேலை. கட்சுவோவின் முதல் குரல் ஓயாமா. ஆனால் சில மாதங்களிலேயே, 1970-இன் தொடக்கத்தில், அந்தப் பையன் டகாஹாஷி கசுயேவிடம் போய்விட்டான். டகாஹாஷி 1998 வரை கட்சுவோவாக இருந்தார்.

கட்சுவோ அவரிடமே இருந்திருந்தால் 1979-இல் டோரேமானுக்கு அவரைக் கூப்பிட்டிருப்பார்களா? கூப்பிட்டாலும், ஞாயிறுதோறும் நாடு கேட்கும் கட்சுவோவின் குரலைப் பூனையின் வாயிலிருந்து மக்கள் ஏற்றிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். கைநழுவிப் போன வேலை ஒன்று, அவர் அறியாமலே, ஒன்பது ஆண்டுகள் அவருக்காக இடத்தைக் காலியாக வைத்திருந்தது.

*

ஒரு கேள்வி, ஒரு கடிதம்

டோரேமான் தொலைக்காட்சியில் தோற்றாலும் தாளில் சாகவில்லை.

அதைப் படைத்த ஃபுஜிமோட்டோ ஹிரோஷி, ஷோகாகுகான் பதிப்பகத்தின் வகுப்புவாரிப் பத்திரிகைகளில் 1970 ஜனவரி இதழிலிருந்து எழுதி வரைந்துவந்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பத்திரிகை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. ஏப்ரலில் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போனால் அடுத்த பத்திரிகை. 1974-இல் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியபோதுதான் மற்ற வகுப்புப் பத்திரிகைகளில் வந்ததையும் ஒரே பிள்ளை படிக்க முடிந்தது. புத்தகங்கள் பறந்தன. 1977-இல் டோரேமானை முன்னிறுத்தியே ‘கோரோகோரோ’ என்ற தடித்த பத்திரிகை தொடங்கப்பட்டது.

இந்தச் சமயத்தில் குசுபே டாய்கிச்சிரோ உள்ளே வருகிறார். 1976-இல் ஷின்-எய் அனிமேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். டோரேமானை மறுபடியும் படமாக்க அனுமதி கேட்டு ஃபுஜிமோட்டோவிடம் போனார்.

ஃபுஜிமோட்டோ அமைதியான மனிதர். அவர் மறுக்கவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். என் கதையின் சுவையை எந்த முறையில் திரையில் கொண்டுவரப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். ஒருமுறை சூடுபட்டவரின் கேள்வி.

குசுபேயிடம் சட்டென்று பதில் இல்லை. தன்னோடு முன்பு வேலை செய்த ஒருவரிடம் போய் நின்றார். அவர் டகாஹாடா இஸாவோ. ‘ஹெய்டி’யை எடுத்தவர். பின்னாளில் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ எடுத்து உலகைக் கலங்க வைக்கப் போகிறவர். டோரேமானில் அவருக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் திட்ட விளக்கத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஃபுஜிமோட்டோ படித்தார். சம்மதித்தார்.

டோரேமானின் பெயர்ப் பட்டியல்களில் யாரும் டகாஹாடாவைத் தேடமாட்டார்கள். ஆனாலும் அவருடைய எழுத்தில்லாமல் அந்தப் பூனை இரண்டாவது முறை கண் விழித்திருக்காது.

டி.வி. அசாஹி இடம் கொடுத்தது. அதுவும் எப்படிப்பட்ட இடம்! திங்கள் முதல் சனி வரை, மாலை 6.50 முதல் 7 மணி வரை, நாளுக்குப் பத்தே நிமிடம். ஞாயிறு காலையில் மட்டும் அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் ஒரு கதை சொல்லி முடித்தாக வேண்டும். படக்கதையின் ஒரு அத்தியாயமும் ஏறத்தாழ அதே நீளம். இழுக்க வேண்டியதில்லை, ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. ஒதுக்குப்புறமான அந்தச் சின்னப் பெட்டி, கதைக்கு அளவெடுத்தது போல அமைந்தது.

இனி ஐந்து குரல்கள் வேண்டும்.

*

ஐவர்

பூனை துணையிருக்கும் அழுமூஞ்சிப் பையன் நோபிடாவுக்கு ஓஹாரா நொரிகோ. ‘யாட்டர்மேன்’ தொடரில் டோரோன்ஜோ என்ற ஒயிலான வில்லிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர். முரடன் ஜியானுக்கு டடேகபே கசுயா. அதே ‘யாட்டர்மேன்’ தொடரில் அந்த வில்லியின் தடித்த அடியாளாகப் பேசியவர். அங்கே எஜமானி, இங்கே அடிவாங்கும் பிள்ளை. அங்கே அடியாள், இங்கே தெருவுக்கே ராஜா. இருவரும் சேர்ந்து இதை எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பார்களோ!

தோழி ஷிசுகாவுக்கு நொமுரா மிச்சிகோ. பணக்காரப் பீற்றல் சுனியோவுக்கு கிமோட்சுகி கனேடா. இவருக்கு டோரேமான் பழைய வீடு. 1973-இல் தோற்றுப்போன படத்தில் ஜியானாகப் பேசியவர் இவர்தான். அன்று அடித்தவர், இன்று அடிப்பவனுக்கு ஜால்ரா போடுபவர்.

ஐவரில் நால்வர் நாற்பதைத் தாண்டியவர்கள். நொமுராவுக்கும் நாற்பது. பத்து வயதுப் பிள்ளைகளின் தெருவைக் குடியமர்த்த வந்தவர்கள் அனைவரும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பிறந்தவர்கள்.

பூனைக்கு ஓயாமா நொபுயோ. வயது 45.

*

முதல் வணக்கம்

ஜப்பானில் கார்ட்டூன் ஒலிப்பதிவு இப்படி நடக்கும்: முன்னால் திரை. எதிரே சில மைக்குகள். சுற்றிலும் நடிகர்கள், கையில் ஸ்கிரிப்ட். தன் முறை வரும்போது எழுந்து மைக்குக்குப் போய்ப் பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். தாள் புரளும் சத்தம்கூட விழக்கூடாது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். ஒருவர் பேசும் தொனியை மற்றவர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

அப்படி ஒரு அறையில், தன் முன்னால் இருந்த வசனங்களோடு ஓயாமாவுக்குச் சிக்கல் வந்தது.

படக்கதையின் டோரேமான் சாது அல்ல. கோபப்படுவான், கிண்டல் செய்வான், எலியைக் கண்டால் பைத்தியம் பிடித்து ஓடுவான். உற்பத்தியிலேயே கோளாறான ரோபோ. ஸ்கிரிப்டிலும் அவன் பேச்சு தெருப்பையன்களின் பேச்சாக, கரடுமுரடாக இருந்தது. ஓயாமாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. குனிமட்சுவையும் கப்பெய்யையும் பேசிய வாய்க்கு அதைவிட எளிது வேறில்லை. அவரை அழைத்தவர்கள் எதிர்பார்த்ததும் அதையாகவே இருந்திருக்கலாம்.

அவர் வேறு கணக்குப் போட்டார்.

இவன் யார்? எதிர்காலத்தில் செய்யப்பட்ட ரோபோ. எதற்காக அனுப்பப்பட்டவன்? ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்தைச் செய்கிறவர்கள் அதற்குள் கெட்ட வார்த்தைகளைப் போட்டு அனுப்புவார்களா? மாட்டார்கள். அப்படியானால் இவன் மரியாதையாகத்தான் பேசுவான். புதியவர்களைக் கண்டால் முறையாக வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வான்.

கதையின் தர்க்கத்துக்குள்ளேயே நின்று எடுத்த முடிவு என்பதால்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்கு நல்லது சொல்ல வேண்டும் என்ற உபதேச ஆசையில் பிறந்ததாக இருந்தால், அடுத்த வாரமே சலித்திருக்கும். அவர் ஒழுக்க ஆசிரியையாக யோசிக்கவில்லை. அந்த ரோபோவைச் செய்த தொழிற்சாலையின் பொறியாளரைப் போல யோசித்தார்.

எழுதியிருந்ததை விட்டுவிட்டு, பூனையைப் பணிவாகப் பேச வைத்தார். வணக்கம் சொல்லி, நான் டோரேமான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்தப் பேச்சு அப்படித்தான் வந்தது. அதுவே நிலைத்தது. பிறகு வந்த ஸ்கிரிப்டுகளும் அந்தப் பேச்சுக்கு ஏற்பத் திரும்பின.

இதில் ஒரு ரசவாதம் நடந்தது. இனிமையான குரல் பணிவாகப் பேசியிருந்தால் டோரேமான் ஒரு டியூஷன் டீச்சராகியிருப்பான். கட்டைக் குரல் கரடுமுரடாகப் பேசியிருந்தால் இன்னொரு குனிமட்சு கிடைத்திருப்பான். கட்டைக் குரல் பணிவாகப் பேசியது. குரல் ஒரு பக்கம் இழுக்க, சொற்கள் மறுபக்கம் இழுக்க, நடுவில் ஒரு புது ஆள் நின்றான். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பெரியவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. நோபிடாவைக் கண்டித்துக்கொண்டே அவனுக்கு உதவ ஒரு கருவியை எடுக்கத் தன் வயிற்றுப் பைக்குள் கைவிடும் ஒருவன்.

டொமிடாவின் பூனையில் ஒரு மாமா இருந்தார். நொசாவாவின் பூனையில் துடிப்பான பையன் இருந்தான். ஓயாமாவின் பூனையில்தான் முதன்முதலாக டோரேமான் மட்டும் இருந்தான்.

*

படைத்தவர் கேட்கிறார்

1979 ஏப்ரல் 2, திங்கட்கிழமை. மாலை 6.50. முதல் பத்து நிமிடம் ஒளிபரப்பானது.

ஓயாமாவின் மனத்தில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. மக்கள் என்ன சொல்வார்கள் என்பதைவிட அது பெரிது. படைத்தவர் என்ன நினைக்கிறார்? அவருடைய பூனையின் பேச்சையே மாற்றியாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு குரல்களைக் கேட்டு ஏமாந்த மனிதர்.

ஃபுஜிமோட்டோவைச் சந்தித்தபோது அவரிடமே கேட்டுவிட்டார். இந்தக் குரல் சரியாக இருக்கிறதா?

ஃபுஜிமோட்டோ நன்றாக இருக்கிறது என்றோ, பொருத்தம் என்றோ சொல்லவில்லை. டோரேமானின் குரல் இப்படித்தான் இருக்குமா என்று, ஏதோ தனக்கே இப்போதுதான் தெரியவந்தது போலச் சொன்னார்.

ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் வரைந்த உருவம். அதன் உயரம் 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ, பிறந்த நாள் 2112 செப்டம்பர் 3 என்று தசம சுத்தமாக உலகுக்கே தெரிந்திருக்கும் உருவம். அதன் குரலை மட்டும் படைத்தவர் இன்னொருவரிடமிருந்து தெரிந்துகொண்டார், தெரிந்துகொண்டதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். இப்படி விட்டுக்கொடுத்த படைப்பாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஓயாமாவைப் பொறுத்தவரை, அந்த வாக்கியத்துக்குப் பிறகு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.

*

பத்து நிமிடத்திலிருந்து

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். வெற்றிக் கதைகள் எல்லாம் ஒரே மாதிரிதான்.

பத்து நிமிடப் பூனை வீடுகளைப் பிடித்தது. தொடக்கப் பாடலின் நடுவே புகுந்து கருவியின் பெயரை அறிவிக்கும் ஓயாமாவின் குரல் நாடு முழுக்கப் பிள்ளைகளின் வாய்க்கு வந்தது. பையிலிருந்து எடுத்த பொருளை உயர்த்திப் பிடித்து, அதன் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லும் அந்தப் பாணி இருக்கிறதே, ஜப்பானில் மிமிக்ரி செய்யத் தெரியாதவரும் அதை மட்டும் செய்வார்.

1980 மார்ச் 15-ஆம் தேதி முதல் திரைப்படம், ‘நோபிடாவின் டைனோசர்’. உடன் ஓடியது பழைய காட்ஸில்லா படம் ஒன்று. ராட்சதப் பல்லியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பூனை தியேட்டருக்குள் நுழைந்தது. அதையும் சேர்த்து 2004 வரை மொத்தம் 25 படங்கள். படக் கம்பெனிகள் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்குக் கதவைச் சாத்தியதால் பிறந்த தொழிலாளிகள், இப்போது அதே கம்பெனிகளின் தியேட்டர்களை ஆண்டுதோறும் நிரப்பினார்கள். இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பழிவாங்கல் இதுதான்.

ஓயாமாவின் குரல் பிற கார்ட்டூன்களில் அபூர்வமாகிவிட்டது. சண்டைக்காரப் பையன்கள் ஓய்வு பெற்றார்கள். அவர் சமையல் புத்தகம் எழுதினார், தொலைக்காட்சியில் சமையல்காரராகப் பெயரெடுத்தார். ‘அர்க்கனாய்ட்’ என்ற வீடியோ கேமில் அசகாய சூரி என்பது அவரைப் பற்றிய இன்னொரு புகழ். கார்ட்டூன் என்றால் மட்டும் பூனை, பூனை, பூனை.

ஐவரும் கலையவில்லை. ஒரு குரல்கூட மாறவில்லை. 1979-இல் கேட்ட குழந்தைகள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளுக்கு அதே குரலைக் காட்டினார்கள்.

ஆனால் நோபிடா எத்தனை ஆண்டானாலும் பள்ளிப் பையன்தான், டோரேமானுக்கு நரை விழாது. ஓயாமா 1933-இல் பிறந்தவர். டடேகபே 1934. ஓஹாராவும் கிமோட்சுகியும் 1935. நொமுரா 1938. பத்து வயதுப் பையனாக அழுத ஓஹாராவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

1996 செப்டம்பர் 23-ஆம் தேதி ஃபுஜிமோட்டோ ஹிரோஷி காலமானார். அந்தக் குரல்தான் டோரேமான் என்று ஒப்புக்கொண்ட வாய் ஓய்ந்துவிட்டது. இனி மாற்றம் என்று ஒன்று வந்தால், சரி என்றோ கூடாது என்றோ சொல்லும் உரிமை யாருக்கு? பதிப்பகத்துக்கா, நிலையத்துக்கா, தயாரிப்பு நிறுவனத்துக்கா, நடிகர்களுக்கா?

2001-இல் ஓயாமாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை நடந்தது. திரையில் பூனை வழக்கம்போலப் பைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தது. மைக் முன்னால் 68 வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தார்.

2005 மார்ச்சில் ஐந்து குரல்களும் ஒரே நாளில் விடைபெறப் போகின்றன. ஒருவரை மட்டும் மாற்றி மற்ற நால்வரை வைத்துக்கொண்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. ஐவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

போதும் என்று முதலில் வாய் திறந்தது யார்? ஓயாமாவா, அல்லது அவர் வாயிலிருந்து அது வருவதற்காகக் காத்திருந்தவர்களா?

(அடுத்த வாரம்: ஒரே நாளில் ஐந்து குரல்கள்)